ஒரே ஒரு ஷாஃப்ட்

கிரேனில் பாரம் தூக்கச் சுழலும் எஃகுத் தண்டான ஷாஃப்ட் ஒரே நாளில் முறிவதில்லை. லட்சக்கணக்கான முறை சுழன்று களைத்து, மேற்பரப்பில் மயிரிழை போல விரிசல் விட்டு, பிறகுதான் முறியும். தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண் மூன்று வருடமாக இந்த விரிசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஷாஃப்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, தண்ணீர் வழியவிட்டு, லேசரால் புள்ளி புள்ளியாக அடித்தால் மேற்பரப்பு இறுகிக்கொள்ளும். விரிசல் லேசில் வாய் திறக்காது. சாதாரண ஷாஃப்ட் மூன்று லட்சம் சுற்றில் முறிந்தது. அவளுடையது பதினொரு லட்சம் தாண்டியும் சுற்றியது.

தொழிற்சாலையில் கிரேன்கள் இரண்டு. முதலில் லேசர் அடித்துத் தயாரானதோ ஒரே ஒரு ஷாஃப்ட். எந்தக் கிரேனுக்குப் போடுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒன்றாம் கிரேனை இயக்கியவர் அவளுடைய அண்ணன். ஆனால் இரண்டாவதுதான் அதிக பாரம் தூக்கியது.

"எனக்குப் போட்டுத் தொலைச்சிடாதே. தங்கச்சி தயவுல பொழைக்கிறான்னு கேன்டீன்ல என் மானத்தை வாங்கிடுவாங்க" என்று அண்ணன் சிரித்தார்.

இரண்டாம் கிரேனுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்றாம் கிரேனின் ஷாஃப்ட் முறிந்தது. கீழே நின்று இயக்கிக்கொண்டிருந்த அண்ணன் மேல், அது தூக்கியிருந்த இரும்புச் சுருள் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசியமே இருக்கவில்லை.

முறிந்த துண்டு அவள் மேசைக்கே வந்தது. வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் மேலாளர். அவள் கேட்கவில்லை. எப்போதோ பட்ட சின்னக் கீறலில்தான் விரிசல் தொடங்கியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணியைப் பார்க்கப் போனாள். அண்ணி அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, புது ஷாஃப்ட் எந்தக் கிரேனுக்குன்னு முடிவு பண்ணது நான்தான்."

"தெரியும். அவரே சொன்னாரு. அந்தக் கிரேன்லதானே பாரம் ஜாஸ்தி?"

"அதுல இருந்து கழட்டின பழசையும் சோதிச்சுப் பார்த்தேன், அண்ணி. விரிசலே இல்ல. இன்னும் பல மாசம் தாங்கியிருக்கும். புதுசை அண்ணன் கிரேனுக்கே போட்டிருக்கலாம்."

அண்ணியின் கை நின்றது.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?"

"சொல்லாம உங்க முகத்தைப் பார்க்க முடியல."

"இப்போ என்னால உன் முகத்தைப் பார்க்க முடியல. போயிட்டு வா. நானே கூப்பிடறேன்."

அந்த அழைப்பு வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒன்றாம் கிரேனுக்கும் லேசர் அடித்த ஷாஃப்ட் போட்டாகிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றாள் அண்ணி.

போனாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அண்ணனைப் பற்றி இருவருமே பேசவில்லை.