சாந்தோம் கரையின் கொடிமுந்திரி

கீழ்வானில் செம்மை படர, நுரைமாலை சூடிய அலைகள் மயிலையின் சாந்தோம் கரையைத் தழுவித் தழுவி மீள, கட்டுமரங்கள் மீன்சுமையோடு மணலேறும் வைகறையில், வானளாவிய கோயிற்கோபுரம் முதற்கதிரைத் தன் வெண்ணெற்றியில் ஏந்தி நின்றது. அதன் பின்புற மணற்றெருவில், தம் வீட்டு முற்றத்துப் பந்தரின் கீழே, அக்கோயிலில் மணியடித்துப் பணிபுரியும் கோயிற்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ் கருகிய இலையொன்றை உள்ளங்கையில் ஏந்தி, கல்லறையோரம் நிற்பவர்போல் நின்றிருந்தார்.

திராட்சையாகிய கொடிமுந்திரியின் கடலோரத் தோட்டங்களுக்குப் பேர்பெற்ற அயல்நாட்டில் பிறந்து, இம்மண்ணில் முதுமையெய்திய பங்குக் குரு ஒருவர், ஈரத்துணியில் பொதிந்து கொணர்ந்து நட்ட தண்டு அது. “எங்கள் ஊர்க் கனிகள் அலையோசை கேட்டே பழுக்கும்” என்றவர், கனி காணாமலே கண்மூடினார். ஏழாண்டு வாளாவிருந்த கொடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டிலேதான் பதினொரு குலை ஈன்றது. குருமடத்தில் பயிலும் ஒரே மகன் பவுல்சாமி குருவாகி நிறைவேற்றும் முதற்பூசையில், பூசைக் கிண்ணத்தை நிறைப்பது இக்குலைகளின் திராட்சை இரசமாகவே இருக்கவேண்டும் என்று ஸ்தனிஸ்லாசும் மனைவி லூயிசாவும் நேர்ந்துகொண்டனர். ஆயின், காய்கள் மிளகளவு திரண்டதும் இலைகள் ஓரங்கருகின. கடற்காற்றின் கொடுமையென்றெண்ணி அவர் சாக்குத்திரை கட்டினார், எருவிட்டார், முழந்தாளிட்டு மன்றாடினார். கொடியோ நாளுக்குநாள் வாடியது.

அன்று மணியடித்துவிட்டு அவர் வழக்கத்தினும் முன்னதாகத் திரும்பியிருந்தார். கண்ணில் படலம் படர்ந்த லூயிசா, சுவரைத் தடவியபடி வந்து, கலயத்து நீரை வேரடியில் வார்த்தாள்.

“இன்னா ஊத்துற லூயிசா?”

அவள் திடுக்கிட்டு, பிறகு நாணிச் சிரித்தாள். “இங்கயா கீறீங்க? கோயில்ல மந்திரிச்ச தண்ணிதாங்க. சாமியாரு அதுல ஒரு சிட்டிகை உப்புதானே போடுறாரு, இம்மாம்பெரிய கொடிக்கு எந்த மூலைக்குக் காணும்? மந்திரிச்ச உப்பையே தனியா வாங்கி, தெனம் ரெண்டு கை சேத்துக்குறேன். மூணு மாசமா ஊத்திக்கினு வரேன். கொலையெல்லாம் பெருத்துக்கீதா?”

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து வேர்மண்ணைத் தொட்டு நாவில் வைத்தார். கரித்தது. நெஞ்சில் சினம் எழுந்தது. ஒளியிழந்த அவ்விழிகளைக் கண்டு அங்கேயே நின்றது.

“கொடி போயிடுச்சு லூயிசா. கடக்காத்து.”

அவள் மெல்ல அமர்ந்து, உலர்ந்த தண்டைக் காய்ச்சலுற்ற பிள்ளையின் உடம்பைப்போல் தடவினாள். “இத்தினி ஊத்தியும் தாங்கலியே. நான் உப்பைக் கொறைச்சலாப் போட்டுட்டேனோ?”

“இல்லம்மா. நீ நெறைவாத்தான் போட்ட.”

மறுவாண்டு, எங்கிருந்தோ வாங்கிவந்த இரசம் மகனின் கிண்ணத்தை நிறைத்தது. அப்போது ஸ்தனிஸ்லாஸ் கோயில்மணியை அடித்தார். கொடி மீளுமென்று நம்பிய லூயிசா வைகறைதோறும் எழுந்தாள்; அவளுக்குமுன் எழுந்து, உப்பிடாத நன்னீரைக் கலயத்தில் நிறைத்து, அவர் அவள் கையில் கொடுத்தார். இறந்த வேருக்கு எந்நீரும் உயிர்தராது என்பதை அவர் அறிவார். செய்யாத பழியைச் சுமந்துகொண்டு கடல் அப்பால் முழங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கென எஞ்சியது, இருவர் கையும் ஒருசேரத் தாங்கிய அக்கலயம் ஒன்றே.