காற்று இறக்கியவர்

கடலூரின் தாகம் தீர்த்த கை இன்று ஓய்ந்துவிட்டது என்று சுப்புராயன் மாமா செம்மண்டலம் வீட்டு வாசலில் மைக் பிடித்து அறிவித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கையைக் கழுவ வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. தமிழ்ச்செல்வி பின்பக்கச் சந்தில் மண்டியிட்டு, நீல நிற பிரஷர் டேங்கை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோட்டார் டக்கென்று ஓடி டக்கென்று நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. கடைசியில் சூடேறி அடங்கிவிட்டது.

அவள் அப்பா தில்லைநாதன் குடிநீர்ப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் இந்த டேங்கடியில்தான் சாய்ந்து கிடந்தார். வாசல் ஃபிளெக்ஸ் அவரை நவீன பகீரதன் என்றது. பகீரதன் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி கிடையாது. அதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு என்று மூன்று வருஷத்துக்கு முன் இடித்துவிட்டு, போர்வெல் தண்ணீரை நேராகக் குழாய்க்குத் தள்ள இந்த டேங்கை வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் பாத்ரூம் ஷவரைக் காட்டினார். திறந்து காட்டியதில்லை.

பாடை கட்டியாகிவிட்டது. மேளக்காரர்கள் டீ குடித்து முடித்துவிட்டார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எங்கே என்று உள்ளேயிருந்து யாரோ இரண்டாம் முறை கேட்டார்கள். விஷயம் வாசலுக்குப் போய்விடக் கூடாதென்று அம்மா ஞானாம்பாள் சந்துக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"லோகநாயகி அக்கா வீட்ல நாலு கொடம் வாங்கிக்கிறேம்மா."

"வாணாம்டி. தெனமும் நான் செவுத்து மேல வாங்குறது வேற. இன்னைக்கு அவரு ஒடம்புல ஊத்தக் கேட்டா ஊரே சிரிக்கும்."

"தெனமுமா?"

ஞானாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிதம்பரத்தில் தமிழ்ச்செல்வி வீட்டிலும் இதே டேங்க்தான். போன வருஷம் அது படுத்தபோது மெக்கானிக் சரிசெய்வதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறாள். மேல்பாதியில் காற்று இருந்தால் தட்டும்போது கிண்ணென்று கேட்கும். இது தலையிலிருந்து கால்வரை தொம்மென்றது. உச்சியில், கார் டயரில் இருப்பது போன்ற வால்வை அழுத்தினாள். தண்ணீர் சொட்டினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டவில்லை. காற்றும் வரவில்லை. வால்வின் வாய் மட்டும் தேய்ந்து பளபளத்தது. கீழே ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் கிடந்தது.

"அப்பா இத எதுக்கும்மா நோண்டுனாரு?"

"காத்து எறக்குவாரு. டேங்கு வந்த மறுநாள்லேந்து, தெனம் வெடியகாலையில. பைப்புல காத்து நின்னா தண்ணி வராதாம். சர்வீஸ் பூரா அதான் பண்ணேன்னுவாரு. மெக்கானிக்கக் கூப்புடலாம்னா, எனக்கு மேல எவன்டீன்னுவாரு."

ஊர்க் குழாயில் காற்றை வெளியேற்றினால் தண்ணீர் ஓடும். இந்த டேங்கில் தண்ணீரைத் தள்ளுவதே காற்றுதான். தமிழ்ச்செல்வி அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, காரிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பை எடுத்து வந்து வால்வில் மாட்டினாள். டேங்கின் அடியிலிருந்த குழாயைத் திறந்து குடத்தை வைத்து மிதிக்க ஆரம்பித்தாள். வா, வந்துடு, வந்துடு என்று முனகிக்கொண்டே மிதித்தாள். மிதிக்க மிதிக்க, டேங்குக்குள் தேங்கியிருந்த தண்ணீர் குடத்தில் விழுந்தது. கதவுக்கு வெளியே அத்தை, பொண்ணு அழுவட்டும், யாரும் தடுக்காதீங்க என்றாள்.

டேங்க் காலியானதும் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு இரண்டு புள்ளி கீழே பம்பு மீட்டரின் முள் வந்ததும் நிறுத்தி, குழாயை மூடினாள். மோட்டார் ஆறும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவிட்சைப் போட்டதும் அது தடுமாறாமல் வெகுநேரம் ஓடி, தானாக நின்றது.

உள்ளே குழாய்கள் சீறின. தில்லைநாதனை நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். சுப்புராயன் மாமா மைக்குக்குத் திரும்பினார்.

"எங்க மச்சான் போறப்பகூட தண்ணியக் கூப்ட்டாரு. வந்துச்சு பாருங்க."

தமிழ்ச்செல்வி அழுக்குப் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மேளச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஞானாம்பாள் தலை முழுகப் போனாள். துண்டோடு வெளியே நின்ற தமிழ்ச்செல்விக்கு, உள்ளே தண்ணீர் மழைபோல் கொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டு லோகநாயகி வழக்கம்போல சுவரின்மேல் இரண்டு குடம் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அம்மா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. மூன்று வருஷத்தில் அவள் அந்த ஷவரில் குளித்தது அன்றைக்குத்தான்.