கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்

"சென்ற கூட்டத்தில் திட்டம் விளக்கப்பட்டது. மபாண்டே மக்கள் கைதட்டி அதை ஏற்றுக்கொண்டார்கள்" என்று திட்ட அலுவலகத்து அதிகாரி குவாட்டிட்ஸோ வாசித்தபோது, அது வேறு ஏதோ ஊர்க்காரர்களைப் பற்றிய சேதி என்றுதான் மாய் ஷுவாய் முதலில் நினைத்தாள். பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தாள். ஷுவாயைப் பெற்றவள் என்பதால் அவள் மாய் ஷுவாய். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மபாண்டே அடிபம்புச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. பக்கத்தில் இருந்த மாய் தவோங்கா அவள் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"நாம எப்ப ஏத்துக்கிட்டோம்?"

"பேசாம இரு. என்னதான் சொல்றார்னு கேப்போம்."

கேட்பதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை. மழைக்கு முன்னால் வேலை தொடங்கிவிடும், மக்களின் ஒத்துழைப்புக்கு அலுவலகம் நன்றி தெரிவிக்கிறது என்று அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்.

மபாண்டேயில் வீட்டுக் குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறும். ஷுவாய் பிறந்த பிறகு அதில் தண்ணீர் வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஷுவாய்க்கு இப்போது கல்யாண வயது. இருப்பது ஒரே ஒரு அடிபம்பு. அதற்குச் சுற்றி வேலி கட்டியது, உடைந்த கம்பியை மாற்றியது, வாளிகளை வரிசையில் நிறுத்தி அடிதடி இல்லாமல் காத்தது எல்லாம் சங்கத்துப் பெண்கள்தான். காலரா வந்த வருடம் பக்கத்துப் பகுதியில் தினமும் ஒரு பிணம் விழுந்தது. இங்கே ஒரு குழந்தைக்குக்கூட வயிற்றால் போகவில்லை. அதைப் பாராட்டி எந்த அலுவலகமும் எதையும் எழுதவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது தலைநகர் ஹராரேயையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பெருநகரத் திட்டம். சுற்றுச் சாலை, பூங்கா, ஊருக்கு ஊர் பேருந்து நிலையம். போன கூட்டத்தில் சுவரில் வரைபடத்தை ஒட்டி, மபாண்டேயின் பேருந்து நிலையம் என்று ஒரு சிவப்புக் கட்டத்தைக் காட்டினார்கள். மாய் ஷுவாய் கிட்டப் போய்ப் பார்த்தாள். பள்ளிக்கூடம் இங்கே, தேவாலயம் இங்கே என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தவளின் விரல் அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் போய் நின்றது. அடிபம்பு அதற்குள் இருந்தது.

பேருந்து நிலையம் வேண்டாம் என்று அவள் நினைக்கவே இல்லை. இருட்டில் சாலை ஓரம் நின்று, கோம்பி என்கிற சிற்றுந்துக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களில் அவள் மகளும் ஒருத்தி. நிலையம் வரட்டும். ஆனால் சாலையை ஒட்டிப் பழைய செங்கல் சூளை இடம் சும்மா கிடக்கிறதே, அங்கே வரட்டும் என்றுதான் சொல்ல இருந்தாள். இரண்டே வாக்கியம். அதைச் சொல்வதற்காகத்தான் அன்றைக்கு அவள் எழுந்து முன்னால் வந்து, தரையில் மண்டியிட்டு, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினாள். மற்றப் பெண்களும் அவளோடு சேர்ந்து தட்டினார்கள்.

அடுத்தவர் வீட்டு வாசலில் அப்படித்தான் தட்டுவார்கள். பெரியவர்கள் முன்னால் வாயைத் திறப்பதற்கு முன், பெண் கேட்க வந்த இடத்தில், இழவு வீட்டில் என்று எங்கேயும் அந்தக் குழிந்த சத்தம்தான் முதலில். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது, அனுமதி கொடுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. முடியாது என்று சொல்ல வந்தவனும் தட்டிவிட்டுத்தான் முடியாது என்பான்.

குவாட்டிட்ஸோ அன்றைக்கு, "ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி" என்று சிரித்தார். வரைபடத்தைச் சுருட்டினார். இன்னொரு ஊரில் கூட்டம் இருக்கிறது, அடுத்த முறை விரிவாகப் பேசலாம் என்று வண்டியில் ஏறிவிட்டார். மண்டியிட்டது மண்டியிட்டபடி இருந்தார்கள் பெண்கள். அவசரம் போலிருக்கிறது, அடுத்த முறை கேட்பார் என்று அவர்களே அவருக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள்.

அதை நினைக்க இப்போது மாய் ஷுவாய்க்கு ஆத்திரமாக வந்தது. கடல் தாண்டி வந்த ஒருவன் இப்படி எழுதியிருந்தால் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பாள். இவர் யார்? பக்கத்து மாவட்டத்துக்காரர். வந்த அன்றே ஒவ்வொருவர் குலத்தையும் கேட்டு, ஒவ்வொருவருக்கும் முறை சொல்லி வணங்கியவர். அவள் கணவனுடைய சிங்கக் குலம்தான் தன் குலமும் என்று தெரிந்ததும், "அப்ப நீங்க எனக்கு அண்ணி" என்று பல் தெரியச் சிரித்தவர். மாமனார் வீட்டு வாசலில் உட்கார்ந்து இவரும்தானே கை வலிக்கத் தட்டியிருப்பார்? தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அவள் எழுந்தாள். முன்னால் போகவில்லை, மண்டியிடவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள்ள எங்க பம்பு இருக்கு. நாங்க எதையும் ஏத்துக்கல."

ஒரு பெண் இப்படி எடுத்த எடுப்பில் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. குவாட்டிட்ஸோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"என்ன மாய் இது? பெரியவங்க இத்தனை பேர் உக்காந்திருக்காங்க. ஒரு கைதட்டு இல்ல, அனுமதி இல்ல, இப்படியா பேச ஆரம்பிக்கிறது? நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

மாய் ஷுவாய் உட்காரவில்லை.

"கைதட்டினா அனுமதி கேக்கறதுன்னு உங்களுக்கும் தெரியுமா கொழுந்தனாரே?"

முதலில் பின் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். பிறகு மொத்த வகுப்பறையும். சுவரோரம் உட்கார்ந்திருந்த முட்டேரோ கிழவர், ஊரே தாத்தா என்று கூப்பிடுகிறவர், பொக்கை வாயால் கேட்டார்: "எனக்கு இருமல் வருது தம்பி. இருமிக்கட்டுமா, இல்ல அதையும் சம்மதம்னு எழுதிக்குவியா?"

குவாட்டிட்ஸோ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கோபப்படவில்லை. அதுதான் மாய் ஷுவாயை இன்னும் எரிச்சல்படுத்தியது. கோபப்பட்டால்கூட ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கும்.

"அண்ணி, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா குறிப்பு மேலிடத்துக்குப் போயிடுச்சு. மக்களைக் கேட்டாச்சு, மக்கள் ஒத்துக்கிட்டாங்கன்னு பதிஞ்சாச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல."

"எழுதினது யார் கை?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தானே."

"எங்க நல்லதை எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடும்? அந்தச் சூளை இடம் சும்மா கிடக்கு. அன்னைக்கு அதைச் சொல்லத்தான் மண்டி போட்டேன். உங்களுக்கு நேரமில்ல."

சூளை இடம் என்றதும் அவர் ஒரு கணம் சுருட்டி வைத்த வரைபடத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்சேபம் இருந்தால் அலுவலகத்துக்கு வந்து தெரிவிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முடிவு ஜெபத்தைச் சொல்லச் சொன்னார். ஜெபம் முடிந்தது. ஒருவரும் போகவில்லை.

போக முடியாது. வந்தவரைப் பட்டினியாக அனுப்புகிற ஊர் எங்கே இருக்கிறது? காலையிலேயே பெண்கள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். பெரிய பானையில் சட்ஸா வெந்துகொண்டிருந்தது. மக்காச்சோள மாவு கொதிக்கும் மணம் வகுப்பறைவரை வந்தது. குவாட்டிட்ஸோவும் அவருடைய ஓட்டுநரும் மரத்தடியில் போட்ட நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அவர் முகம் லேசாகியிருந்தது. கூட்டம் முடிந்துவிட்டது, சாப்பாடு நன்றாக இருக்கும், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம்.

கை கழுவத் தண்ணீர் ஊற்ற மாய் தவோங்கா எழுந்தாள். மாய் ஷுவாய் அவள் கையிலிருந்து குடத்தையும் தட்டையும் வாங்கிக்கொண்டாள்.

"நான் போறேன். என் கொழுந்தனார்தானே."

கழுவும் தட்டைப் புருஷனின் தம்பி முன்னால் மண்டியிட்டுப் பிடித்து, கையில் தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. அவள் தட்டைத் தரையில் வைத்தாள். நின்றுகொண்டாள். குவாட்டிட்ஸோ பேச்சு சுவாரசியத்தில் ஓட்டுநரைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் தட்டுக்கு மேல் நீட்டினார். தண்ணீர் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி?"

"பம்புத் தண்ணி" என்றாள் மாய் ஷுவாய். "இன்னைக்குக் காலையில அடிச்சது."

அவர் சிரிக்கப் பார்த்தார். சுற்றிலும் யாரும் சிரிக்கவில்லை. அடுப்பருகே சட்ஸா கிண்டிக்கொண்டிருந்தவள் கிண்டுவதை நிறுத்திவிட்டாள். கோழிக் குழம்பு மூடாமல் ஆவி பறக்க இருந்தது. கழுவாத கையால் சட்ஸாவைத் தொட முடியாது. சாப்பிடாமல் எழுந்து போனால் இந்த ஊரை மட்டுமல்ல, தன் குலத்தையே அவமதித்த மாதிரி ஆகிவிடும். அது அவருக்குத் தெரியும். அவருக்கு எல்லா வழக்கமும் தெரியும்.

"அன்னைக்கு நாங்க என்ன செஞ்சோம்னு இவங்க முன்னால ஒரு தடவை சொல்லுங்க" என்றாள் அவள். "அப்புறம் ஊத்தறேன்."

ஓட்டுநர் மெல்லத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். குவாட்டிட்ஸோவால் நீட்டியதைப் பின்னால் இழுக்கவும் முடியவில்லை. குடம் விளிம்புவரை நிறைந்திருந்தது. அதற்குக் கீழே அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் குவிந்து, காய்ந்து, காத்திருந்தன.