கைகுலுக்கல் காட்சி

ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் பார்த்ததும் ஸ்டாப்வாட்ச் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

'மனமகிழ் மன்றம் சார்பில் குடும்பத்தோடு ஒரு சினிமா. சனிக்கிழமை மதியம். வயிறு குலுங்கச் சிரிக்கலாம்' என்று எழுதி, கீழே போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். போஸ்டரில் ஒரு வழுக்கைத்தலைக் குமாஸ்தா, தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால், கையில் ஸ்டாப்வாட்சோடு குனிந்து நின்றிருந்தான். படத்தை எடுத்தவன் நம் ஸ்டாப்வாட்சின் மனைவியின் தம்பி. அவருக்குத் தலை நிறைய முடி. மச்சான் மாற்றியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

ஸ்டாப்வாட்ச் என்பது ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர். கம்பெனி செய்வது பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகுகிற பித்தளைச் சாமான். குண்டு என்று அங்கே யாரும் சொல்வதில்லை, 'பாகம்' என்பார்கள். பாகம் எத்தனை செய்வது, எத்தனை ஷிப்ட் ஓட்டுவது என்று முடிவு செய்கிற திட்டப்பிரிவில் அவர் குமாஸ்தா. எங்கோ இரண்டு நாட்டுத் தலைவர்கள் சமாதானம் பேசச் சந்தித்தால், அன்று காலை பிரிவு முழுவதும் டீவி முன்னால் எழுந்து நிற்கும். தலைவர்கள் கைகுலுக்குவார்கள். பட்டென்று கையை உருவிக்கொண்டால் மேனேஜர் இரண்டாவது ஷிப்ட் போடுவார். விடாமல் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்துச் சிரித்தால் பித்தளை ஆர்டரை நிறுத்தி வைப்பார். தூதர்களின் அறிக்கை பொய்யாகலாம், இந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது. நேரம் பார்க்கிற வேலை நம்மவருக்கு. பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்ச் அவர் மேஜையிலேயே தங்கிவிட்டது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

இதை ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

அந்தக் கம்பெனியில் வெளியே வாய் திறக்கக்கூடாது. போன வருடம் டிசைன் பிரிவுக்காரர் ஒருவர் உறவுக்காரர் வீட்டில் ஏதோ உளறினார். மறுநாள் கேட்டிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மேஜையில் இருந்த அவருடைய டிபன் பாக்ஸை வாட்ச்மேன்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது மச்சான் சோபாவில் மல்லாந்து படுத்து, போனில் விமர்சனம் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, நீயெல்லாம் மனுஷனா? சாப்பாட்டு மேஜையில சொன்னதைக் கொண்டுபோய்ச் சந்தியில வச்சிருக்கியேடா!"

"அத்தான், கம்பெனி பேரைச் சொன்னேனா? உங்க பேரைச் சொன்னேனா?"

"ஸ்டாப்வாட்சைக் காட்டியிருக்கியே!"

"உலகத்துல ஸ்டாப்வாட்ச் வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தானா? ஓட்டப்பந்தயத்துல இல்லையா?"

"ஓட்டப்பந்தயத்துல ரெண்டு பிரதமர் கைகுலுக்கறாங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள். "அன்னிக்கு நீங்க சொன்னப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். இவன் மட்டும் சிரிக்கலை. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

மச்சான் எழுந்து உட்கார்ந்தான். "சிரிப்பு வரலக்கா. அதான் படமா எடுத்தேன். உங்க கம்பெனி முதலாளி, அந்தப் பெரியவர், ஒரு தடவை இதைப் பார்க்கணும். மூஞ்சி சுருங்கணும். எனக்கு அது போதும்."

"மூஞ்சி அவருக்குச் சுருங்கும். வேலை எனக்குப் போகும். உனக்கென்ன?"

"யார் கேட்டாலும் கற்பனைன்னு அடிச்சுச் சொல்றேன். செத்தாலும் உங்க பேரு வராது அத்தான்."

சனிக்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தார். அதுவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று மனைவி சட்டையை எடுத்து நீட்டினாள்.

தியேட்டரில் பெரியவர் நடுவரிசையில், குடும்பத்தோடு. அவருக்குப் பின்வரிசையில் மேனேஜர். அதற்கும் பின்னால் ஸ்டாப்வாட்ச், ஓர இருக்கையில், ஓடத் தயாராக இருப்பவரைப்போல. படம் தொடங்கியது. வெளியுறவு அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு உலகப் படத்தில் விரல் வைத்தார். விரல் கடலில் விழுந்தது. ஆலை முதலாளி பக்கத்தில் நின்று, "பரவாயில்லீங்க, கடலுக்கும் ஒரு எதிரி கிடைப்பான்" என்றார். தியேட்டர் அதிர்ந்தது. மந்திரி சபையில் யார் மேல் படையெடுப்பது என்று முடிவாகாமல் முதலாளியின் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இன்னும் சிரிப்பு. பெரியவரின் தோள்கள் குலுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

அந்தக் காட்சி வந்தது. திரையில் டீவி, டீவிக்குள் இரண்டு தலைவர்கள், முன்னால் வழுக்கைத்தலைக் குமாஸ்தா. அவன் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியதும் இங்கே இவருடைய கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தியது. மேனேஜர் மெல்லத் திரும்பி, இருட்டில் இவரைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மனைவி இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கைகுலுக்கல் முடிந்ததும் படம் வேறு ஊருக்குப் போனது. சிதைந்த வீடு ஒன்று. பின்சுவர் கிடையாது. ஒரு பெண் துணிகளை மடித்து அலமாரியில் அடுக்குகிறாள், அலமாரிக்குப் பின்னால் தெரு தெரிகிறது. வசனமே இல்லை. மச்சான் படம் எடுத்ததே இதற்காகத்தான் என்று மனைவி சொல்லியிருந்தாள். தியேட்டரில் அங்கங்கே போன் வெளிச்சம் எழுந்தது. பாத்ரூமுக்குப் போவோர் முழங்கால்களை இடித்துக்கொண்டு போனார்கள். யாரோ பாப்கார்ன் வாங்கி வந்து, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆகலை, உட்காரு" என்றது பக்கத்துக் குரல்.

படம் முடிந்து வெளியே வந்தபோது மச்சான் மாடிப்படிக்கு அருகில் நின்றிருந்தான். பெரியவரின் முகத்தைப் பார்க்க வந்திருந்தான். பெரியவரின் முகத்தில் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் இன்னும் காயவில்லை.

"நீங்கதானா டைரக்டர்?" என்று மன்றச் செயலாளரை விலக்கிக்கொண்டு வந்து அவன் தோளைப் பிடித்தார். "தம்பி, அந்தக் கைகுலுக்கல் சீன். உண்மையைச் சொல்லுங்க. அது நாங்கதானே?"

மச்சான் ஒரு கணம் அத்தானைப் பார்த்தான். "இல்லீங்க. முழுக்கக் கற்பனை."

பெரியவரின் முகம் சுருங்கியது. மச்சான் கேட்ட அதே சுருக்கம். ஆனால் இது வேறு காரணத்துக்கு. பந்தியில் இலை போடாமல் விட்டுவிட்டதைப்போல நின்றார். "எப்படிங்க கற்பனையாகும்? இந்தத் தொழில்ல வேற எவனும் இப்படிச் செய்யறதில்லையே. என் ஆபீஸ்ல மட்டும்தான் உண்டு. அடுத்த மாசம் வெளிநாட்டுலேருந்து வாங்கறவங்க வர்றாங்க. அந்த சீனை முதல்ல போட்டுக் காட்டணும்னு பார்த்தேன். நாம எவ்வளவு கவனமான ஆளுங்கன்னு தெரியுமில்ல?"

"சார், அதை ஆரம்பிச்சதே நான்தான்" என்றார் மேனேஜர் சட்டென்று. "ஒருநாள் காலையில எனக்குத்தான் தோணுச்சு. நான்தான் வாட்சைக் கொண்டுவரச் சொன்னேன்."

"டீவி வாங்கிக் குடுத்தது மன்றம்" என்றார் செயலாளர்.

"இந்தத் தம்பிகிட்டச் சொன்னது யாரு, அதைச் சொல்லுங்க!" என்று பெரியவர் சுற்றிலும் பார்த்தார். "அந்த ஆளைத்தான் வாங்கறவங்க முன்னால நிக்க வைக்கணும்."

மச்சான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை மிகச் சிறிதாக இடவலமாக ஆடியது. மூன்று நாளாக இவர் அவனிடம் கெஞ்சியதை இப்போது அவன் கெஞ்சினான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கற்பனை என்று நம்பிக் கூட்டம் கலைந்துவிடும், படம் கம்பெனி விளம்பரமாகாமல் படமாகவே இருக்கும். இவருக்கு அது புரியத்தான் செய்தது.

"சொன்னதுகூட நானாத்தான் சார் இருக்கும்," மேனேஜர் விடவில்லை. "பொதுவா எங்கயாவது பேசியிருப்பேன். நேரம் பார்க்கறதும் பாதி நாள் நான்தானே."

"நீங்களா?" என்றார் ஸ்டாப்வாட்ச். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒருநாள் நீங்க அதைத் தொட்டிருப்பீங்களா சார்? நேரம் பார்த்தது நான். சொன்னதும் நான்தான். இவன் என் மச்சான்."

மனைவியின் முழங்கை விலாவில் இடித்தது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. பெரியவர் இவரை இழுத்து அணைத்துக்கொண்டார். "சொந்த மச்சானா! அடப்பாவி, மறைச்சே வச்சிருந்தியே!"

போட்டோ எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மன்றத்துக்காரர்கள் கம்பெனி பேனரைப் பிரித்தார்கள். நுழைவுக்கூடத்தை விட அது நீளமாக இருந்தது. நடுவில் பெரியவரும் ஸ்டாப்வாட்சும். ஒரு முனையை மேனேஜர் உர்ரென்ற முகத்தோடு பிடித்துக்கொண்டார். மறு முனை தரையில் புரண்டது. பிடிக்க ஆள் இல்லை.

"டைரக்டர் தம்பி, கொஞ்சம் பிடிங்க" என்று செயலாளர் அதை எடுத்து மச்சான் கையில் திணித்தார்.

"அந்த ஓரம் தொய்யுது. தூக்குங்க" என்றார் போட்டோகிராபர்.

மச்சான் தூக்கினான்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் தூக்கினான். துணி அவன் மார்பைத் தாண்டி, முகவாயைத் தாண்டி மேலே போனது. கடைசியில் அந்த முனையில் இரண்டு கைகளின் விரல்களும், கீழே இரண்டு செருப்புகளும் மட்டுமே தெரிந்தன. "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றார் போட்டோகிராபர்.