கல்கண்டு பட்ட விரல்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

ஒரு தப்பு செய்திருக்கிறேன். மீட்டர் காட்டியது 238. நோட்டில் நான் எழுதியது 105.

மாலை வகுப்பு ஆய்வுக்கு நான் எடுத்த கேள்வி: சரக்கைச் சரியாக மதிப்பிடும் வியாபாரிகள் தங்கள் உடம்பையும் சரியாக மதிப்பிடுகிறார்களா? பன்னிரண்டு பட்டுக் கடைக்காரர்கள். ஒவ்வொருவரும் ஐந்து சேலைகளைக் கையில் தூக்கி எடை சொல்ல வேண்டும். பிறகு வெறும் வயிற்றில் தன் சர்க்கரை எவ்வளவு என்று ஊகிக்க வேண்டும். தராசிலும் மீட்டரிலும் நான் சரிபார்ப்பேன்.

போன வியாழன் காலை, ஏழாவது ஆள் அப்துல் சத்தார் பாய். ஐந்து சேலையிலும் பத்து கிராமுக்கு மேல் தவறவில்லை. அசந்துபோனேன். சர்க்கரைக்கும் அதே குரலில் "நூத்தி அஞ்சு" என்றார். மீட்டர் 238 என்றது.

"இப்பத்தான் கல்யாணப் பார்ட்டிக்குக் கல்கண்டு எடுத்துக் குடுத்தேன்மா. உன் மெஷின் கல்கண்டுக்கு சுகர் பாத்துக்கினு இருக்குது!"

விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும், உண்மைதான். கை கழுவச் சொல்லி மறுபடி பார்த்திருக்க வேண்டும். ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தது. 238ஐ அடித்துவிட்டு 105 என்று எழுதினேன். அவருக்கும் அப்படியே சீட்டு கொடுத்தேன். சேலையில் தவறாதவர் இதிலும் தவறமாட்டார் என்று எதை வைத்து முடிவு செய்தேன்? மற்றவர்களிடம் தேடப் போன பிழை என் கையெழுத்தில் இருக்கிறது.

இன்று நோட்டைச் சரிபார்க்கும்போது அந்த அடித்தல் உறுத்தியது. வகுப்புக்குப் போகாமல் கடைக்குப் போனேன். அவர் மனைவி சபியாக்கா டீ கொண்டுவந்திருந்தார்.

"வா வைதேஹி! உன் சீட்ட ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன். சும்மா தண்ணி தண்ணின்னு குடிச்சுக்கினு இருக்காரேன்னு நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன். அதான் நல்லாருக்குதேன்னு இவரு வேணாம்னுட்டாரு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார். "வியாபாரி சொன்னதைப் போயி அப்படியே நம்புவியாமா?"

"இந்தப் பொண்ணு ஒரு நாள்தான் நம்புச்சு. நான் முப்பது வருசமா நம்பிக்கினு இருக்கேன்" என்றார் அக்கா.

பாய் சிரிக்கவில்லை. அக்கா அவர் முன்னால் இருந்த டீயை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பயமா இருக்குதா?"

"கொஞ்சம்" என்றார் பாய். என் முன்னால் அதைச் சொன்னார்.

அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டே டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, நாளைக் காலை பத்து மணிக்கு வாங்கியிருந்த நேரத்தைத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

"என்மேல கோவமா பாய்?"

"கோவமிருந்தா நாளைக்குக் காலைல உன்கிட்ட மறுபடி விரல நீட்டுவேனா? வந்துடு."

நாளை: ஆறரைக்குப் பாய் வீடு. புது ஸ்ட்ரிப் பெட்டி. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்ல வேண்டும். மீட்டர் காட்டுவதை எழுத வேண்டும். பத்து மணிக்கு அவர்களோடு டாக்டரிடம்.