மந்திரக்காரியின் அழுகை

ஊர் வாயை மூட உலைமூடி ஏதுன்னு கேட்பாங்க. என் வீட்டுக்குள்ளேயே ஒரு வாய் இருக்கு, அதுக்கே மூடி கிடைக்கல. என் தம்பிதான். வீடியோ கேம் ஆடிக்கிட்டே ஓயாமப் பேசுவான், அதை ஆயிரக்கணக்கான பேர் நேரலையில பார்ப்பாங்க. ரசிகர்கள் வச்ச பேரு ‘புயல்’. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத புயல்.

அவன் ஆடுற கேமைத் தயாரிச்ச பெரிய கம்பெனியிலதான் நான் வேலை பார்த்தேன். ஆடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கிற வேலை. அங்க ஒரு வழக்கம். நடிகர்கள் வந்து குரல் கொடுக்கிற வரைக்கும் ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் குரலைத் தற்காலிகமா ஒட்டி வைப்பாங்க. எங்க டீம் தலைவன் அதுக்குப் பொண்ணுங்களைத்தான் கூப்பிடுவான், அதுவும் தனித்தனியா. கேம்ல வர்ற மந்திரக்காரி அடிபட்டு அழணும்னு என்னை ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிட்டுப் போனான். அழுதேன். “நடிப்பு மாதிரி இருக்கே”ன்னு கதவைச் சாத்திட்டு வந்து, என் கையை முதுகுக்குப் பின்னால முறுக்கினான். அப்போ வந்தது நடிப்பு இல்ல. அதையே கேம்ல விட்டுவச்சான் பாவி. இன்னிக்கும் மந்திரக்காரி என் குரல்லதான் அழுறா.

புகார் கொடுத்தேன். “விளையாட்டாச் செஞ்சதைப் பெருசாக்காதீங்க”ன்னாங்க. வேலையை விட்டேன். என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தாங்க. மூணு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டோம். கோர்ட் எங்க பேரை வெளியிடல. தம்பிகிட்டயும் நான் மூச்சு விடல. அவன் வாயில விழுந்தா ஊர் வாயில விழுந்த மாதிரி.

கம்பெனி தரப்புல என்ன சொன்னாங்க தெரியுமா? அந்த அழுகை சம்பளத்துக்கு வந்த நடிகையோட குரலாம். எந்த நடிகைன்னு கேட்டா, ஞாபகம் இல்லையாம்! எங்க வக்கீலம்மா சொன்னாங்க: “சின்ன வயசிலேருந்து உங்க குரல் தெரிஞ்ச யாராவது திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வந்து சொல்லணும். ஆனா சொல்லிக்கொடுத்துக் கூட்டிட்டு வராதீங்க, எதிர்த்தரப்பு கிழிச்சுத் தொங்கவிட்டுடும்.”

அம்மாவை உட்கார வச்சு நாலஞ்சு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினோம். பெத்த மனசு, எதைக் கேட்டாலும் “ஐயோ, இது என் பொண்ணுதான்”னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஆட்டுக்குட்டி கத்தினதுக்கும் அதே பதில். வக்கீலம்மா தலையில அடிச்சுக்காத குறைதான்.

மிச்சம் தம்பிதான். அவனோ தினமும் அந்த மந்திரக்காரியை வெட்டிச் சாய்க்கிறான். பின்னணி இசை காதைக் கிழிக்குது. கூடப்பொறந்தவ குரல் எங்க ஏறும்?

சனிக்கிழமை மத்தியானம் அவன் அறை வாசல்ல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். உள்ள நேரலை ஓடிக்கிட்டிருந்துச்சு.

“மக்களே, வழக்குப் போட்ட மூணாவது பொம்பளை கதையைக் கேளுங்க! மந்திரக்காரி அழுறது இவங்க குரலாம். இவங்களாலதான் அடுத்த பாகமே தள்ளிப்போகுது.”

திரையோரத்துல கருத்துகள் கொட்டுச்சு. ‘பொய்க்காரி.’ ‘விளம்பரப் பைத்தியம்.’ ‘பிடிக்கலேன்னா வேலையை விட வேண்டியதுதானே?’ விட்டுட்டேன்டா மடப்பசங்களா, நீங்கதான் என்னை விட மாட்டேங்கிறீங்க! நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கஷ்டப்பட்டு முழுங்கினேன்.

“வாங்க, நாமளே விசாரிச்சிடுவோம்”னு தம்பி இசையை நிறுத்திட்டு மந்திரக்காரியை ஒரு வெட்டு வெட்டினான்.

அழுகை மட்டும் தனியா வந்துச்சு. கடைசியில மூச்சை இழுத்து ஒரு விக்கல். “செம நடிப்பு!”ன்னு சிரிச்சான். மறுபடி வெட்டினான். சிரிப்பு பாதியில நின்னுச்சு. இன்னொரு தடவை வெட்டக் கையைத் தூக்கினவன் அப்படியே வச்சுட்டான்.

சின்ன வயசுல கதவை அறைஞ்சு சாத்தி என் விரலை நசுக்கினவன் அவன். அன்னிக்கு நான் விக்கி விக்கி அழுததுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவனும் அவன்தான்.

மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கல, வக்கீலம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சு. கண்ணு சொன்ன பேச்சைக் கேட்குமா? கொட்டிடுச்சு.

“இது எங்க அக்கா”ன்னான் மைக்ல. “எங்க அக்கா அழுற சத்தம் இது.”

கோர்ட்டே காப்பாத்தின ரகசியத்தை ஒரே நொடியில ஊருக்குப் போட்டு உடைச்சுட்டான், முட்டாள். ஆனா எனக்கு அப்போதான் நெஞ்சுல மூச்சு இறங்குச்சு.

திரையில கருத்துகள் மறுபடியும் கொட்டுச்சு. ‘எவ்வளவு வாங்கினே?’ ‘அக்காவும் தம்பியும் கூட்டுக் களவாணிங்க.’ ‘நாடகம்.’ வாயைப் பொளந்துக்கிட்டுப் படிச்சான்.

“நான் போய் பொய் சொல்வேனாக்கா? ஒருத்தன்கூட நம்ப மாட்டேங்கிறானே!”

வந்துச்சே எனக்கு ஆத்திரம். கையில இருந்த அவன் சட்டையை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சேன்.

“இப்போ கொஞ்சம் முன்னாடி நீ நம்புனியாடா?”

எல்லாத்தையும் அணைச்சான். சட்டையை எடுத்துக் கோணல்மாணலா மடிச்சான். தலை நிமிரவே இல்ல.

“திங்கட்கிழமை கோர்ட்டுக்கு இதைப் போட்டுக்கிட்டு வரலாமாக்கா?”

“அதுல பொத்தான் இல்லடா”ன்னேன். “வேற எடு.”