படம் வராத கேபிள்

மனைவி வீட்டார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பூட்டு. எதைத் தொட்டாலும் பூட்டிவிட்டுத்தான் நகர்வார். பிஸ்கட் டப்பாவுக்குத் தோதான பூட்டு கிடைக்காததால் அது மட்டும் பீரோவின் உச்சியில் இருந்தது. தொழில், கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது. வீட்டின் முன்னறைதான் ஆபீஸ்.

வேலை தேடி மைத்துனன் வந்து தங்கியதிலிருந்து பூட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனைவி முதல் நாளே கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள். "எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரே தம்பி. ரோஷக்காரன். ஒரு சொல்லு சொன்னாலும் போயிடுவான், அப்புறம் இந்த வாசல மிதிக்கவே மாட்டான். வேலை கிடைக்கிற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க." தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டார்; கண்ணை மூடவில்லை.

வெளியூர் வேலை முடிந்து திரும்பிய மறுநாள் காலை, காண்டிராக்டர் வருவதற்குள் வரைபடத்தைப் பெரிய மானிட்டரில் போட்டுவைக்க உட்கார்ந்தார். மானிட்டரின் டைப்-சி கேபிளை லேப்டாப்பில் செருகினார். லேப்டாப்பில் சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. மானிட்டரோ 'சிக்னல் இல்லை' என்று கையை விரித்தது. கழற்றிச் செருகினார், புரட்டிச் செருகினார், அணைத்துப் போட்டார். அது மசியவில்லை.

"சார்ஜ் ஏறுதுன்னா கேபிள் நல்லாத்தான் இருக்கு. யாரோ மானிட்டர்ல கை வெச்சிருக்காங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் மைத்துனன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

வந்து குனிந்து பார்த்தான். "இது போன் சார்ஜர் கேபிள், மாமா. கரண்ட் போகும், படம் போகாது. உங்ககிட்ட கெட்டியா ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

பூட்டுக்குச் சுருக்கென்றது. "கெட்டியா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்த அன்னைக்கு நீங்கதானே காட்டினீங்க? விலை ஜாஸ்தி, தொடாதேன்னு."

"அப்ப விலையும் தெரியும்! நான் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து, அதே மாதிரி கறுப்பா ஒண்ணை மாட்டிட்டு, அதை எங்க தள்ளிவிட்டே?"

சொல்லிவிட்டார். மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். மைத்துனன் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்தான். உள்ளே போனான். பையில் துணி அடைக்கும் சத்தம் கேட்டது. அவள் அவன் பின்னாலேயே போனாள்.

'மடியில் கனம், அதுதான் கிளம்புறான்' என்று பூட்டு நினைத்துக்கொண்டார். பழைய பிரிண்டையாவது காட்டலாம் என்று சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மேஜை டிராயரைத் திறந்தார். காகிதங்களுக்கு அடியில், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி, அந்தக் கெட்டிக் கேபிள் கிடந்தது.

ஊருக்குக் கிளம்பின அவசரம் நினைவுக்கு வந்தது. மைத்துனன் கை வைத்துவிடுவானோ என்று பயந்து இதை உள்ளே பூட்டியது இவர்தான். இல்லாதது தெரியக்கூடாது என்று சார்ஜர் கேபிளை அந்த இடத்தில் மாட்டியதும் இவர்தான். யாரையோ ஏமாற்றப் போட்ட வேஷம், போட்டவருக்கே மறந்துபோயிருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

கெட்டிக் கேபிளைச் செருகினார். மானிட்டர் விழித்தது. யாரோ ஒருவருக்காக அவர் வரைந்த வீடு, அறை அறையாகத் திரை முழுக்க விரிந்தது.

மைத்துனன் பையோடு வாசலில் நின்றான். "படம் வந்துடுச்சா, மாமா?" குரலில் கோபம் இல்லை. உண்மையாகத்தான் கேட்டான்.

"வந்துடுச்சு... மானிட்டருக்குப் பின்னாடி கிடந்துச்சு."

"நல்லதாப் போச்சு" என்று அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

மனைவி திரையைப் பார்க்கவில்லை. திறந்த டிராயரையும் அதில் தொங்கிய சாவியையும் பார்த்தாள். கிட்டே வந்து சாவியை உருவினாள். அவர் உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தாள்.

"பத்திரமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் பின்னால் படியிறங்கினாள்.